புடவையைப் பார்த்து பொக்கே கட்டுவோம்



1734-ல் நெசவாளர்களுக்காக உருவான சின்னத் தறிப்பேட்டைதான் நம்ம சிந்தாதிரிப்பேட்டை. துணியின் அருமை நமக்குத் தெரியும். சர்ச் கல்யாணத்துக்கு பொக்கே கட்டித் தரும் குழுக்களும் முதலில் பார்க்க வேண்டியது பொண்ணோட துணியைத்தான். பூ அப்புறம்தான்.

1. பெரிய ஜரிகை பார்டர் புடவை: சின்ன உருண்டை பொக்கே போதும். கீழே தொங்கும் பொக்கே கொசுவத்தையும் ஜரிகையையும் மறைச்சிடும்.

2. வேலைப்பாடு இல்லாத நீள கவுன்: தொங்கும் பொக்கே எடுப்பாக இருக்கும்.

3. சந்தன நிறத் துணி: பளீர் வெள்ளைப் பூ பக்கத்தில் வந்தால் துணி மங்கலாகத் தெரியும். இளமஞ்சள், இளஞ்சிவப்பு ரோஜா பொருந்தும்.

4. காம்பு ஈரத்தைத் துடைத்து ரிப்பன் சுற்றுங்கள். ஈரம் பட்டால் பட்டுப் புடவையில் கறை விழும்.

முகூர்த்த நாளில் கோயம்பேட்டில் பூ விலை ஏறிவிடும். துணியைப் பார்க்காமல் வாங்கிய பூ பொருந்தாவிட்டால் நஷ்டம் குழுவுக்குத்தான். அடுத்த ஆர்டரும் போகும். ஆர்டர் எடுக்கும்போதே பிளவுஸ் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பூ வாங்குங்கள்.

கூட்டத்தில் பேச: பூ, ரிப்பன், ஆட்டோ, நம் கூலி எல்லாம் சேர்த்து ஒரு பொக்கேயின் அடக்கவிலை எவ்வளவு? கணக்கு எழுதி வாருங்கள்.