ஃபீஸ் இல்லாத படிப்பை ஏன் விடுகிறான்?

கேள்வி: எங்கள் மகன் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவன்தான். படிப்புக்கும் விடுதிக்கும் அரசாங்கமே கட்டுகிறது. நாலாவது செமஸ்டரில் பெட்டியோடு வீட்டுக்கு வந்தவன், இனி போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு செல்போன் கடையில் வேலைக்குப் போகிறான். கேட்டால், ‘பிடிக்கலை’ என்ற ஒரே பதில்தான். திமிர் என்கிறார் அவன் அப்பா. ஃபீஸே இல்லாத படிப்பை ஒரு பிள்ளை ஏன் விடவேண்டும்?

– ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அவனுடைய முதல் செமஸ்டர் ரிசல்ட்டை நீங்கள் பார்த்தீர்களா, அம்மா? உங்கள் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

முதலாமாண்டு வகுப்புகளில் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவன் நான். பன்னிரண்டாம் வகுப்பில் ‘அணிகள்’ என்று படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு, கல்லூரியில் அதுவே ‘மேட்ரிக்ஸ்’ என்று வருகிறது. ‘வகைக்கெழு’ ‘டெரிவேட்டிவ்’ ஆகிவிடுகிறது. கணக்கு தெரிந்தவன், பெயர் புரியாமல் விழிக்கிறான். எழுந்து சந்தேகம் கேட்க ஆங்கிலம் வராது. தமிழில் கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயம். வாய் மூடிக்கொள்கிறது. முதல் அரியர் விழுகிறது. அடுத்த செமஸ்டரில் புதுப் பாடங்களோடு அதையும் சேர்த்து எழுதவேண்டும். ஒன்று மூன்றாகும், மூன்று ஆறாகும். பிறகு வகுப்புக்குப் போகவே கூசும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தேர்வு எழுதுவதும் சிக்கலாகிவிடும். ஊர் மெச்சிய பிள்ளை தோற்றுவிட்டேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வான்? அதைத்தான் ‘பிடிக்கலை’ என்று சொல்கிறான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ 1975-இல் எழுதிய கட்டுரையில், படிப்பை விடுவது ஒரே நாளில் எடுக்கும் முடிவல்ல, நாளாவட்டத்தில் நிகழ்வது என்று விளக்கினார். பாடத்தோடும் அங்குள்ள மனிதர்களோடும் ஒட்ட முடியாதவன் மெல்ல மெல்ல விலகிவிடுகிறான். நம் ஊர் விடுதிகளிலும் இதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஃபீஸ் இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. பஸ்ஸுக்கு, ரெக்கார்டு நோட்டுக்கு, அரியர் பரீட்சைக்கு என்று காசு போய்க்கொண்டே இருக்கும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தாலும், வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் அவனை அரித்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவன் பெயர் இன்னும் கல்லூரிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் பெரிய இழப்பு. அண்ணா பல்கலைக்கழக விதிகளில் ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ என்று முறைப்படி அனுமதி வாங்கி, இடைவெளி விட்டுத் திரும்ப வழி இருக்கிறது. நான்காண்டுப் படிப்பை முடிக்க ஏழு ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு. அவன் வகுப்பு ஆலோசகரையும் துறைத் தலைவரையும் அப்பாவும் மகனும் சேர்ந்து போய்ப் பார்க்கட்டும். எந்தெந்தத் தாள் நிற்கிறது என்று எழுதி வாங்கி, ஒரு பருவத்துக்கு இரண்டு தாள் என்று திட்டம் போடுங்கள். கணக்கைத் தமிழில் விளக்கித் தரும் சீனியர் ஒருவர் கிடைத்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பொறியியல் வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கேட்டு வாங்குங்கள். அவற்றைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே சொல்லிவிட்டது.

அவன் இரவில் தூங்காமலோ யாரோடும் பேசாமலோ இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

அதற்கெல்லாம் முன்னால் அவன் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் ‘ஏன் விட்டாய்’ என்று அவர் கேட்க வேண்டாம். ‘எந்தப் பாடம்டா முதலில் புரியாமல் போச்சு’ என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருக்கும்.