முன்செல்பவரின் தடமும் பின்வருபவரின் வேகமும்

ஸ்டுட்கார்ட்டில் பயிலும் தம்பி தங்கையருக்கு,

ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் ஃபைஹிங்கன் வளாகத்தில் படிக்க வரும் தமிழ் மாணவர்களின் விடுதிகளை ஒட்டியே காடு தொடங்குகிறது. குளிர்காலத்தில் அக்காட்டுப் பாதைகளில் பனி விழுந்து தங்கும் சில நாட்களில், நீண்டு மெலிந்த சறுக்குப் பலகைகளான ஸ்கீக்களைக் காலில் மாட்டி, இரு கையிலும் கோல் ஊன்றி, நகர மக்கள் சிறு சிறு குழுக்களாகச் செல்வதுண்டு. ஜெர்மானியர் லாங்லவுஃப் என்று அழைக்கும் இது, மலைச் சரிவில் விரைந்து இறங்கும் சறுக்கு விளையாட்டிலிருந்து வேறானது. சமநிலத்திலும் மெல்லிய ஏற்ற இறக்கத்திலும் சொந்த உடல்வலிமையால் நெடுந்தொலைவு செல்லும் பயணம் இது. பனி அரிதாகத் தங்கும் நகரத்தில் இக்கலையைத் தனியே கற்பது கடினம் என்பதும், குழுவாகக் கற்பவருக்கு அந்த அரிய நாட்களே போதும் என்பதும் இக்கடிதம் விளக்க முற்படும் கருத்து.

முதலில் நிலத்தை அறிய வேண்டும். ஸ்டுட்கார்ட்டின் மையப் பகுதி குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 245 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. நகர எல்லைக்குள் மிக உயர்ந்த இடமான பெர்ன்ஹார்ட்ஸ்ஹோஹெ 549 மீட்டரை எட்டுகிறது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை பொதுவாக அரை பாகைக்குச் சற்று மேல் குறையும் என்பதால், நகர மையத்தின் அரண்மனைச் சதுக்கத்தில் மழையாகப் பெய்வது உயரே உள்ள டேகர்லோஹ் மேட்டில் பனியாக விழுந்து நிலைப்பதுண்டு. ஆகவே பனியைத் தேடுபவர் கீழே ஈரமாக இருக்கும் தெருவைப் பார்த்து மனம் தளராமல், 1884 முதல் டேகர்லோஹுக்கு ஏறிவரும் பற்சக்கர ரயிலிலோ, 1956-இல் திறக்கப்பட்ட தொலைக்காட்சிக் கோபுரத்தின் அருகே நிற்கும் நகர ரயிலிலோ ஏறி மேலே செல்கின்றனர். நகரின் தாழ்ந்த பகுதியில், ஷ்லோஸ்கார்ட்டன், ரோஸன்ஸ்டைன் பூங்கா, கில்லெஸ்பெர்க் ஆகியவற்றை இணைத்து 1993-ஆம் ஆண்டுப் பன்னாட்டுத் தோட்டக்கலைக் கண்காட்சியை ஒட்டி முழுமை பெற்ற, ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் நீளப் பசுமைத் தொடர் உள்ளது. பெரும்பனி பொழியும் அரிய நாட்களில் புதியவர் முதல் அடி பழக அதன் விரிந்த புல்வெளிகள் ஏற்றவை. இப்பசுமை வெளிகளுக்கு வேறொரு பணியும் உண்டு. காற்றோட்டம் குறைந்த பள்ளத்து நகரத்துக்கு இரவில் மேட்டிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கிவர வழி தேவைப்படுவதால், 1938 முதல் நகர நிர்வாகமே காலநிலை ஆய்வில் ஈடுபட்டு, காற்று வரும் வழிகளைக் கட்டடம் அடைக்காமல் காக்க முயன்று வருகிறது. காற்றுக்காகத் திறந்து வைத்த வெளியிலேயே மக்களும் நடக்கின்றனர், பனிக்காலத்தில் சறுக்கியும் செல்கின்றனர்.

ஸ்கீயில் செல்லும் இக்கலை ஜெர்மனிக்கு வடக்கிலிருந்து வந்தது. நார்வே நாட்டு ஆய்வாளர் ஃபிரிட்யோஃப் நான்சென் 1888-இல் ஐந்து துணைவருடன் ஸ்கீயில் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். அப்பயணத்தைப் பற்றிய நூல் நடு ஐரோப்பாவில் பெரும் ஆர்வத்தை மூட்டியது. 1891-இல் கருங்காட்டுப் பகுதியின் டோட்னாவ் ஊரில், ஜெர்மனியின் மிகப் பழமையான ஸ்கீ சங்கம் தோன்றியது. அறுவராகச் சென்ற பயணமும் சங்கமாகக் கூடிய ஊராரும் இக்கலையின் தொடக்கத்திலேயே இருப்பது கருதத்தக்கது.

இனி ஸ்கீ இயங்கும் முறையைக் காணலாம். லாங்லவுஃப் காலணியின் முன்நுனி மட்டுமே ஸ்கீயுடன் பிணைக்கப்படும். குதிகால் எழும்பத் தடையில்லை. ஸ்கீ வில்லைப் போல நடுவில் சற்று மேலெழும்பி வளைந்திருக்கும். அந்த நடுப்பகுதியின் அடியில் மீன்செதில் போன்ற வரிகளோ, ஆட்டு மயிராலான பட்டையோ, ஒட்டும் மெழுகோ இருக்கும். உடலின் எடை இரு கால்களிலும் பகிர்ந்திருக்கையில் நடுப்பகுதி பனியைத் தொடாமல் நிற்பதால் ஸ்கீ வழுக்கிச் செல்லும். எடை முழுவதையும் ஒரே காலில் சாய்த்து அழுத்துகையில் வளைவு தட்டையாகி, நடுப்பகுதி பனியைப் பற்றிக்கொள்வதால் உடலை முன்னே உந்த இயலும். பற்றுவதும் வழுக்குவதும் மாறி மாறி நிகழ்வதே இக்கலையின் சாரம். புதியவர் பெரும்பாலும் எடையை இரு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அஞ்சி அஞ்சி நடப்பதால், கால் பின்னோக்கி வழுக்கி விரைவில் களைத்துப்போவார். ஒரு காலில் துணிந்து நிற்கப் பழகியவருக்கு எஞ்சியது எளிதாகும். ஏற்றத்தில் ஸ்கீ முனைகளை அகல விரித்து உள்விளிம்பை ஊன்றி ஏற வேண்டும். இறக்கத்தில் முனைகளை நெருக்கி வால்களை விரித்தால் வேகம் தணியும். தடுமாற்றம் மிகும்போது பக்கவாட்டில் அமர்ந்து விழுவதே பாதுகாப்பு. எழுவதற்குமுன் இரு ஸ்கீக்களையும் சரிவுக்குக் குறுக்கே இணையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

குழுவின் பயன் தெளிவாகத் தெரிவது தடத்தில்தான். லொய்ப்பெ எனப்படும் இரட்டை வரித் தடத்தை இயந்திரம் கொண்டு போட்டுவைக்கும் இடங்கள் ஷ்வேபிஷ் ஆல்ப் மேட்டுநிலத்திலும் கருங்காட்டிலும் உள்ளன. நகரக் காட்டிலோ பெரும்பாலும் செல்பவரே தடம் போட்டுக்கொள்ள வேண்டும். புதுப்பனியில் முதலில் செல்பவர் ஒவ்வோர் அடியிலும் பனியை அமுக்கியபடி முன்னேறுவதால் அவர் உழைப்பே மிகுதி. இரண்டாமவர் அத்தடத்தை உறுதியாக்குகிறார். நான்காமவர், ஐந்தாமவர் வரும்போது அது வழுவழுப்பாகிவிடுகிறது. எனவே முதலிடம் முறை வைத்து மாற வேண்டும்: களைத்தவர் ஒதுங்கி நின்று, வரிசை கடந்தபின் கடைசியில் சேர்ந்துகொள்வது நல்ல வழக்கம். புதியவரை நடுவில் விட்டு, தேர்ந்த ஒருவர் இறுதியில் வர வேண்டும். பாதை பிரியும் இடந்தோறும் தடத்தை விட்டு விலகி நின்று, கடைசி ஆள் வந்து சேர்ந்து மூச்சு வாங்கிய பிறகே புறப்பட வேண்டும். கடைசி ஆள் வந்ததும் மற்றவர் கிளம்பிவிடுவது, ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வை மறுப்பதாகும்.

நகரக் காடு பலருக்கும் பொதுவானது. குழந்தையைச் சறுக்குவண்டியில் இழுத்துவருபவரும், நாயுடன் உலாவும் முதியவரும் அதே பாதையில் வருவர். அவர்களுக்கு அப்பாதையில் உரிமை சற்றும் குறைவன்று. பாதையின் ஓரத்தில் செல்வது, எதிரே ஆள் வந்தால் வலப்புறம் ஒதுங்குவது, நெருங்கும்போது கோலை உடலோடு ஒட்டிப் பிடிப்பது, நிறுத்த இயலாத வேகத்தில் இறங்காதிருப்பது ஆகியவை பன்னாட்டு ஸ்கீ மற்றும் ஸ்னோபோர்டு கூட்டமைப்பின் விதிகளோடும் பொதுப் பண்போடும் ஒத்தவை. சொலிடூட் அரண்மனைக்கும் ஃபைஹிங்கனுக்கும் இடையிலுள்ள ரோட்வில்ட் பூங்கா இயற்கைக் காப்புப் பகுதி என்பதால் அங்கு பாதையை விட்டு விலகலாகாது. குளிர்காலத்தில் உணவு குறைந்த மான்கள் வெருண்டு ஓடினால் சேமித்த ஆற்றலை இழக்கும். டேகர்லோஹுக்குத் தெற்கே விரியும் ஃபில்டர் சமவெளியின் வயல்கள் பனியடியில் வெற்று நிலம்போலத் தோன்றினாலும், இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை பல வயல்களில் முளைவிட்டிருக்கும் என்பதால், மெல்லிய பனியின்மேல் அவற்றைக் கடப்பது தவறு.

பனி வந்தபின் ஆயத்தம் தொடங்குபவர் ஆயத்தமாகும் முன்பே பனி உருகிவிடும். ஆகவே அக்டோபரிலேயே கருவிகளை வாடகைக்கோ, பயன்படுத்தியவற்றை விலைக்கோ தேடி, காலணி பொருந்துகிறதா என்று பார்த்து, பனி விழுந்த அன்றே யார் யாருக்குச் செய்தி அனுப்புவது, எந்த நிறுத்தத்தில் கூடுவது என்பதைக் குழு முடிவு செய்துவிட வேண்டும். வியர்வையை உறிஞ்சிக் குளிரவைக்கும் பருத்தி உடையை உள்ளே அணியாமல், மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ இரண்டு மூன்று அடுக்காக அணிவது நல்லது. டிசம்பர் இறுதியில் மாலை நாலரை மணி அளவிலேயே கதிரவன் மறைவதால் நெற்றி விளக்கும், சூடான பானமும் குழுவில் சிலரிடமேனும் இருக்க வேண்டும்.

தனியே செல்பவர் தமது வலிமையை மட்டுமே அறிவார். குழுவில் செல்பவர் முன்னே போட்ட தடத்துக்கு நன்றி சொல்லவும், பின்னே வருபவருக்குத் தடம் போடவும், காத்திருக்கவும் கற்கிறார். அந்நிய நகரில் நண்பரைத் தேடும் மாணவருக்கு இதைவிடத் தகுந்த பள்ளி அரிது. எனவே இந்த ஆண்டு ஒரு ஜோடி ஸ்கீயை வாங்கவோ இரவல் பெறவோ முனைபவர், அறைத் தோழருக்கும் ஒரு ஜோடி கேட்டுவைப்பாராக. பனியையே பார்த்திராத புதிய மாணவர் எவரேனும் விடுதியில் இருந்தால், முதல் அழைப்பு அவருக்கே செல்வதாக.