அப்டேட் முதல் கிளவுட் வரை: எல்லா மடையையும் ஒரே நாளில் திறக்கலாமா?

அடுத்த வருஷம் இந்நேரம் நம்மில் பலர் ஏதோ ஒரு கம்பெனியில் ரிலீஸ், சப்போர்ட், மைக்ரேஷன் என்று ஏதாவது ஒரு டீமில் உட்கார்ந்திருப்போம். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பேப்பரில் இதெல்லாம் 'மெயின்டனன்ஸ்' என்ற ஒரே யூனிட்டுக்குள் முடிந்துவிடும். எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி படித்தால் போதும். ஆனால் நிஜத்தில் பிசினஸ்கள் அதிகம் அடி வாங்குவது புது சாஃப்ட்வேர் எழுதும்போது இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை மாற்றும்போதுதான்.

இந்தக் கட்டுரையில் நாலு உண்மைச் சம்பவங்களைப் பார்ப்போம். அப்புறம் ஒரு சின்ன வியாபாரத்தை கிளவுடுக்கு மாற்றுவது எப்படி என்று படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். அதற்கு முன்னாடி ஒரு சின்ன உப்புப் பாடம்.

மரக்காணம் உப்பளம் சொல்லித் தரும் பாடம்

சென்னையிலிருந்து ஈசிஆரில் புதுச்சேரி போனால் வழியில் மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீங்க. வெளியிலிருந்து பார்த்தால் தண்ணியைத் தேக்கி வெயிலில் காய விடுகிற மாதிரிதான் தெரியும். ஆனால் உவர்நீரை நேராக உப்புப் பாத்திக்குள் விடுவதே இல்லை. முதலில் பெரிய தேக்கம், அடுத்து அடர்த்தி ஏற்றும் பாத்திகள், கடைசியில்தான் உப்பு விளையும் பாத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணியின் அடர்த்தியைப் பாமே டிகிரியில் அளக்கலாம். கடல் தண்ணி சுமார் 3 டிகிரி. சுமார் 25 டிகிரிக்கு வந்த பிறகுதான் சாப்பாட்டு உப்பு படிய ஆரம்பிக்கும்.

அவசரப்பட்டு அதற்கு முன்பே கடைசிப் பாத்திக்கு விட்டால் ஜிப்சம் உப்போடு கலந்துவிடும். 29, 30 டிகிரி தாண்டியும் மிச்சத் தண்ணியை வடிக்காமல் விட்டால் மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறும். அதாவது ஒவ்வொரு மடைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அளவு வந்தால் திற, வராவிட்டால் காத்திரு. நம்ம பாஷையில் சொன்னால் இதுதான் ஸ்டேஜ்டு ரோல்அவுட். ஒரு பாத்தியில் தப்பு நடந்தால் அந்தப் பாத்தியோடு போகும், மற்ற பாத்திகளை வரப்பு காப்பாற்றும்.

இப்போ மடையை ஒரே நேரத்தில் திறந்தவர்களுக்கு என்ன ஆச்சு என்று பார்ப்போம்.

சம்பவம் 1: ஒரு அப்டேட், 85 லட்சம் கம்ப்யூட்டர்

2024 ஜூலை 19, இந்திய நேரம் காலை 9:39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் தன் ஃபால்கன் சாஃப்ட்வேருக்கு ஒரு சின்ன கன்டென்ட் அப்டேட் அனுப்பியது. அதன் பெயர் சேனல் ஃபைல் 291. 78 நிமிஷத்தில், 10:57-க்கு, அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம்ம நாட்டில் பல விமான நிலையங்களில் செக்-இன் சிஸ்டம் முடங்கி, பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

காரணம் என்ன? அந்த அப்டேட் வகையின் வரையறையில் 21 இன்புட் இருந்தது. ஆனால் அதை இயக்கும் கோட் 20 மதிப்புகளைத்தான் கொடுத்தது. முந்தைய அப்டேட்களில் 21-ஆவது இடத்தில் 'எதுவா இருந்தாலும் சரி' என்ற வைல்டுகார்டு இருந்ததால் யாரும் அந்த இடத்தைத் தொடவே இல்லை. ஜூலை 19 அன்று முதல் முறையாக 21-ஆவது மதிப்பு தேவைப்பட்டது. அர்ரேக்கு வெளியே போய்ப் படித்தது, கிராஷ். ஃபர்ஸ்ட் இயர் சி லேபில் நாம எல்லாரும் பார்த்த அதே 'அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்' தான். ஆனால் இது ஓடியது கெர்னலுக்குள், அதனால் மெஷினே விழுந்தது.

இதைவிட முக்கியமான விஷயம் வேற. பல கம்பெனிகள் ஜாக்கிரதையாக 'சென்சார் சாஃப்ட்வேரின் முந்தைய வெர்ஷனே போதும்' என்று செட் பண்ணி வைத்திருந்தன. அந்த செட்டிங் சென்சார் வெர்ஷனுக்கு மட்டும்தான், கன்டென்ட் அப்டேட்டுக்கு இல்லை. அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போனது. பெரிய கதவுக்குப் பூட்டு இருந்தது, பக்கத்து ஜன்னலுக்கு இல்லை.

அப்டேட்டைத் திரும்பப் பெற்ற பிறகும் விழுந்த மெஷின்கள் பல தானாக எழவில்லை. ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் திறந்து அந்த ஃபைலை நீக்க வேண்டியிருந்தது. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் ரெக்கவரி கீ வேறு வேணும். அனுப்பியவருக்கு 78 நிமிஷம், சரி செய்தவர்களுக்கு நாள் கணக்கு.

பாடம்: கோட் மட்டும் இல்லை, கான்ஃபிக், ரூல், டேட்டா எல்லாமே அப்டேட்தான். எல்லாமே முதலில் சின்னப் பாத்தியில் போகணும்.

சம்பவம் 2: ஒரே வார இறுதியில் ஒரு வங்கி

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி பழைய லாயிட்ஸ் சிஸ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பெயினின் சபாடெல் குழுமம் அதை வாங்கிய பிறகு, 2018 ஏப்ரல் 20 முதல் 22 வரையான ஒரு வார இறுதியில், சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புது பிளாட்ஃபார்முக்கு மொத்தமாக மாற்றினார்கள். டேட்டா ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த பிளாட்ஃபார்மால் உண்மையான கூட்டத்தைத் தாங்க முடியவில்லை. லட்சக்கணக்கானவர்களால் லாகின் செய்ய முடியவில்லை. சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. முழுசாகச் சீரடைய 2018 டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் போட்டன.

பிறகு நடந்த விசாரணையில் தெரிந்த ஒரு தகவல்: இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில் மட்டும்தான் லோடு டெஸ்ட் நடந்திருந்தது.

பாடம்: 'டேட்டா போயாச்சு' என்பதும் 'சிஸ்டம் வேலை செய்யுது' என்பதும் ஒன்று இல்லை. தேதி முதலில் முடிவாகி, டெஸ்ட்டை அதற்குள் அடக்கினால் டெஸ்ட்தான் குறையும்.

சம்பவம் 3: கிளவுடே காணாமல் போனால்?

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் பிரைவேட் கிளவுட் முழுசாக அழிந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் ஒரு வாரம் போல இருந்தார்கள். கூகுள் கிளவுட் கொடுத்த விளக்கம் இதுதான்: அதை உருவாக்கும்போது ஒரு உள் கருவியில் ஒரு பாராமீட்டரைக் காலியாக விட்டுவிட்டார்கள். காலி என்றால் '1 வருஷம்' என்று சிஸ்டம் எடுத்துக்கொண்டது. வருஷம் முடிந்ததும் தானாக அழித்தது. இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தும் இரண்டும் போனது, ஏன்னா இரண்டும் ஒரே சந்தாவுக்குள் இருந்தன. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்பும் மீட்புக்குக் கைகொடுத்தது.

பாடம்: ரெப்ளிகா வேறு, பேக்கப் வேறு. ஒரே பட்டனால் அழியக்கூடிய இரண்டு பிரதி, ஒரு பிரதிதான்.

சம்பவம் 4: நம்ம கூட்டுறவு வங்கி

2024 ஜூலை 31. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் டெக்னாலஜி சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் மீது ரான்சம்வேர் தாக்குதல். பரவாமல் இருக்க என்பிசிஐ அந்த நிறுவனத்தைத் தன் பேமெண்ட் நெட்வொர்க்கிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. நாடு முழுக்க சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யுபிஐ போன்ற சேவைகள் நின்றதாகச் செய்திகள் வந்தன. மறுநாளே இணைப்பு திரும்பியது.

துண்டித்தது சரியான முடிவுதான், வரப்பு என்பதே அதற்குத்தானே. ஆனால் அந்தத் தேதியைப் பாருங்க, மாதக் கடைசி. நாட்டின் மொத்தப் பரிவர்த்தனையில் இது மிகச் சின்னப் பங்கு. கூட்டுறவு வங்கியில் மட்டுமே கணக்கு இருக்கிற ஒருத்தருக்கு அது 100 சதவீதம். டேஷ்போர்டில் பச்சையாகத் தெரிகிற 99 சதவீதத்துக்குப் பின்னால் எந்த 1 சதவீதம் இருக்கு என்று கேட்கணும்.

பாடம்: உங்க வெண்டர் விழுந்தால் நீங்களும் விழுவீங்க. அந்த நாளுக்கு ஒரு பிளான் வேணும்.

இப்போ நாமே ஒரு மைக்ரேஷன் செய்வோம்

மரக்காணத்தில் ஒரு உப்பு வியாபாரி இருப்பதாகக் கற்பனை செய்யுங்க. ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் லாரி லோடு, எடை சீட்டு, தொழிலாளர் கூலி, முன்பணக் கணக்கு. இதை கிளவுட் சாஃப்ட்வேருக்கு மாற்றணும். சின்ன வேலைதானே? பார்ப்போம்.

எப்போ மாற்றுவது? உப்பு சீசன் ஏறக்குறைய ஜனவரி கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. நடுவில் மாற்றினால் லாரி வரிசையில் நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உற்பத்தி இல்லை, ஆனால் மழை, புயல். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. கரண்ட்டும் நெட்டும் நம்பிக்கை தராத மாதங்கள். அதனால் நல்ல நேரம் ஜனவரி தொடக்கம்: மழை ஓய்ந்து பாத்திகளைச் சரி செய்கிற வாரங்கள். மைக்ரேஷன் தேதியைச் சாஃப்ட்வேர் கம்பெனியின் காலண்டர் முடிவு செய்யக் கூடாது, வியாபாரத்தின் காலண்டர்தான் முடிவு செய்யணும்.

எதை எதோடு பொருத்துவது? பழைய சாஃப்ட்வேரில் கணக்கு மூட்டையில், புதுசில் டன்னில். ஒரு லாரியில் 75 கிலோ மூட்டை 200 என்றால் 15 டன். புது சாஃப்ட்வேர் மூட்டையை 50 கிலோ என்று எடுத்துக்கொண்டால் 10 டன். எந்த எர்ரர் மெசேஜும் வராது. ஆனால் டன் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு 5 டன் கூலி போச்சு.

சரிபார்ப்பது எப்படி? இதுதான் முக்கியமான பகுதி. பழைய கணக்கில் 40 தொழிலாளர்கள், மொத்த முன்பணம் 1,20,000 ரூபாய். மாற்றிய பிறகும் மொத்தம் 1,20,000. 'டாலி ஆயிடுச்சு' என்று கையெழுத்துப் போடலாமா? கூடாது. இரண்டு பேருக்கு முருகன் என்று பெயர். புது சாஃப்ட்வேர் பெயரை வைத்துச் சேர்த்ததால் இரண்டு முருகனும் ஒன்றாகிவிட்டார்கள். மொத்தத் தொகை அப்படியேதான் இருக்கும், ஆட்கள் மட்டும் 39. எண்ணிக்கையைப் பார்த்தால் மாட்டிக்கும். ஆனால் இரண்டு பேரின் தொகை இடம் மாறியிருந்தால்? தொகையும் சரி, எண்ணிக்கையும் சரி, இருந்தும் தப்பு. ஒவ்வொரு ஆளாக ஒப்பிட்டால்தான் தெரியும். அதனால் மூன்று சோதனை: மொத்தம், எண்ணிக்கை, வரிக்கு வரி. அடையாளத்துக்குப் பெயர் இல்லை, தனி எண்.

கூடவே, ஒவ்வொருவருக்கும் அவர் கணக்கைப் படித்துக் காட்டி 'சரியாண்ணே?' என்று கேட்கணும். இதுதான் நிஜமான யூசர் அக்செப்டன்ஸ் டெஸ்ட். தன் முன்பணம் எவ்வளவு என்று எந்த டேட்டாபேஸை விடவும் அவருக்கு நல்லாவே தெரியும்.

எப்படி மாற்றுவது? முதல் வாரம் லாரி லோடு மட்டும். சரியாக ஓடினால் எடை சீட்டு. கூலிக் கணக்கு கடைசியில். ஒரு மாதம் பழையதும் புதுசும் சேர்ந்து ஓடணும். இரட்டை வேலைதான், கணக்குப் பிள்ளை திட்டுவார். அதனால் எந்தத் தேதியோடு இது முடியும் என்று முதலிலேயே சொல்லிடுங்க.

திரும்புவது எப்படி? 'சனிக்கிழமை மதியம் 2 மணிக்குள் மூன்று சோதனையும் பாஸ் ஆகாவிட்டால் பழையதுக்கே போறோம்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கணும். பிரச்சினை நடுவில் நிற்கும்போது யாருக்கும் திரும்பிப் போக மனசு வராது. 'இன்னும் அரை மணி நேரம்' என்றே நேரம் போகும்.

பேக்கப்? 3-2-1 விதி: மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு ஊரில். ஆபீஸ் மேஜை டிராயரில் உள்ள பென் டிரைவ் வெள்ளத்தில் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே போகும். மாதம் ஒரு தடவை பேக்கப்பைத் திறந்து மீட்டுப் பார்க்கணும். மீட்டுப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

நெட் இல்லாத நாள்? எடை சீட்டுப் புத்தகம் பேனாவோடு தயாராக இருக்கணும். விமான நிலையத்தையே பேனாதான் காப்பாற்றியது.

நினைவில் வைக்க 5 கேள்விகள்

இன்டர்ன்ஷிப்பிலோ வேலையிலோ யாராவது 'இன்னிக்கு ரிலீஸ்' என்று சொன்னால் இதைக் கேளுங்க:

1. முதலில் எத்தனை பேருக்குப் போகுது?
2. அடுத்த மடையைத் திறக்க எந்த அளவு வரணும்? அதை யார் பார்ப்பாங்க?
3. தப்பானால் எத்தனை நிமிஷத்தில் பழையதுக்குத் திரும்பலாம்? செய்து பார்த்தாச்சா?
4. நாம் பயன்படுத்தும் வெண்டர் நின்றால் என்ன செய்வோம்?
5. இது உடைந்தால் முதலில் யாருக்குக் கூலி போகாது?

முதல் நாலும் எல்லா பாடப் புத்தகத்திலும் ஏதோ ஒரு வடிவில் கிடைக்கும். ஐந்தாவதை மீட்டிங்கில் யாராவது ஒருத்தர் கேட்டே ஆகணும். ஃப்ரெஷர் கேட்டாலும் தப்பில்லை.

வீட்டுப் பாடம்: உங்க ஊரில் ஒரு கடை, ஒரு மில், ஒரு கூட்டுறவு சங்கம், எது கிடைத்தாலும் போய், 'உங்க கம்ப்யூட்டர் நாளைக்குக் காலையில் ஆன் ஆகலைன்னா என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டுப் பாருங்க. வரும் பதிலை வைத்தே ஒரு நல்ல ஃபைனல் இயர் புராஜெக்ட் எழுதலாம்.