தூணில் கை வைக்காதீர்: அடுக்ககவாசிகளுக்கு நிலநடுக்கக் குறிப்புகள்

2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. மறு ஆண்டே இந்தியத் தர நிர்ணய அமைவனம் நகரை, மிதமான பாதிப்புக்குரிய மூன்றாம் மண்டலத்தில் சேர்த்தது.

1. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு அடுக்ககங்களில் தரைத்தளம் சுவரின்றித் தூண்களோடு மட்டும் வாகன நிறுத்தமாக விடப்பட்டிருந்தால், கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு சோதிக்கவும். மேல்தளங்களைவிட விறைப்புக் குறைந்த இத்தளம் 'மென்தளம்' எனப்படும். 2001 ஜனவரி 26 அன்று கச்சுப் பகுதியில் நிலம் அதிர்ந்தபோது, 200 கி.மீ.க்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் சரிந்த அடுக்ககங்கள் பல இவ்வகையினவே.

2. குழாய் பதிக்கவோ கேட் பொருத்தவோ தூணைக் கொத்த அனுமதிக்க வேண்டாம். மென்தளத்தில் பக்கவாட்டு விசையைத் தாங்குபவை பெரும்பாலும் அவையே.

3. கடற்காற்றின் உப்பால் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்தால், மேலே சிமென்ட் பூசி மறைக்காமல், துருவை நீக்கிச் சீரமைக்கவும். வெறும் பூச்சு, வீட்டை விற்க உதவுமே தவிர வலு தராது.

4. பொறியாளரைக் கேட்காமல் மொட்டைமாடியில் கூடுதல் தண்ணீர்த்தொட்டி வைக்க வேண்டாம். உச்சியில் எடை கூடினால் அதிர்வின் விசையும் கூடும்.

5. பீரோ சாயாதபடி சுவரோடு பிணைக்கவும்.

6. அதிர்வின்போது உறுதியான மேசைக்கடியில் ஒதுங்கவும். ரங்கநாதன் தெரு போன்ற குறுகலான தெருவுக்குள் ஓடினால், பெயர்ப்பலகையும் கைப்பிடிச் சுவரும் தலைமேல் விழக்கூடும். லிஃப்ட் மின்தடையால் நடுவழியில் நின்றுவிடலாம் என்பதால் அதில் ஏற வேண்டாம்.