கல் வேலியில் கண்ட தானம்



புத்தகயைக்கு யாத்திரை புறப்பட்ட நாங்கள் ஐவர், வழியில் கொல்கத்தா நகரில் இரண்டு நாள் தங்கி, அங்குள்ள இந்திய அருங்காட்சிசாலையைக் கண்டோம். 1814-ல் தோன்றிய இச்சாலையே நம் நாட்டு அருங்காட்சிசாலைகளுள் மிகப் பழமையானது. வங்காள மக்கள் இதனை ‘ஜாதுகர்’ என்பர். என்னுடன் வந்தோர் ஒரு தையற்காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஓர் அன்பர், நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை எழுதுபவர், தெருக்கூட்டும் வேலையில் உழைத்து ஓய்ந்த ஒரு மூதாட்டி ஆகியோர்.

புறப்படுமுன் எங்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது. கட்டப்படும் விகாரையின் சுவரில் பதிக்கும் சலவைக்கல்லில், ஐயாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் அளித்தோர் பெயரை மட்டும் பொறிப்பது என்பதே அது. அதனை ஆதரித்துக் கை தூக்கியவருள் யானும் ஒருவன். மாதந்தோறும் ஐம்பது ரூபாய் கொணர்ந்து தந்த அம்மூதாட்டி, அதன் பின்னர் இரண்டு மாதம் சங்கத்தின் பக்கமே வரவில்லை. ஏன் என்று யானும் கேட்கவில்லை.

அருங்காட்சிசாலையில் நாங்கள் நெடுநேரம் நின்ற இடம், பார்ஹுத் தூபத்தின் கல் வேலி நிற்கும் கூடமாகும். மத்தியப் பிரதேசத்துப் பார்ஹுத்தில் 1873-ல் கன்னிங்காம் என்பார் இதனைக் கண்டறிந்தார். சுற்றுக் கிராமத்தார் தூபத்தின் செங்கற்களை வீடு கட்ட எடுத்துச் சென்றுவிட்டமையால், எஞ்சியவற்றைக் காக்கும் பொருட்டு இங்குக் கொண்டுவந்தனர். செந்நிறக் கல்லாலான இவ்வேலி ஏறத்தாழ இரண்டாயிரத்து நூறு ஆண்டுகட்கு முற்பட்டது. இதில் பகவானை மனித உருவில் செதுக்கவில்லை. போதிமரம், தருமச்சக்கரம், பாதச்சுவடு, வெற்றாசனம் ஆகியவற்றாலேயே அவரைக் குறித்தனர்.

தூண்களிலும் குறுக்குக் கற்களிலும் சிறு சிறு எழுத்துகள் இருந்தன. யான் நூற்பாலையில் இராப்பணி செய்த காலத்தில், பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டு பிராமி எழுத்தை ஒருவாறு கற்றவன். ஆகவே விரலால் சுட்டி நண்பர்க்குக் காட்டினேன். பல வரிகளின் முடிவில் ஒரே சொல் வருகின்றது. இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியும் கொண்ட அச்சொல், நாம் இன்றும் வழங்கும் ‘தானம்’ என்பதேயாம்.

இச்சொல்லின் பெருமையைக் கேளுங்கள். பிராமி எழுத்தை வாசிக்கும் வகையை உலகம் மறந்திருந்தது. இதே கொல்கத்தாவில் நாணயச்சாலை அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் பிரின்செப், 1837-ல் சாஞ்சி வேலியின் சிறு வாசகங்களை ஆராயும்போது, அவை ஒரே வகையாய் முடிவதைக் கண்டார். கோயில்களில் மக்கள் அளிக்கும் பொருள்களைக் குறிக்கும் வாசகமாக இருக்கலாமென ஊகித்தார். ‘தானம்’ எனும் சொல் விளங்கிற்று. அதைத் திறவுகோலாகக் கொண்டே மற்ற எழுத்துகள் தெளிந்தன. அசோகரின் கல்வெட்டுகளும் வாய் திறந்தன. அடைபட்டுக் கிடந்த நம் வரலாற்றைத் திறந்தது யாது? எளிய மக்களின் ஈகைச் சொல்லன்றோ!

“யார் யார் கொடுத்தார்கள், ஐயா?” என்று மூதாட்டி வினவினார். பார்ஹுத் வாசகங்களில் யான் அறிந்தவற்றைச் சொன்னேன். தோரணவாயிலைச் செய்வித்தவன் தனபூதி என்னும் அரசன். முதல் தூணை ஈந்தவள் விதிசை நகரத்து ரேவதிமித்திரனின் மனைவி சாபதேவா. குதிரைவீரன் ஒருவனும் ஈந்தான். பிக்குணிகள் பலர் ஈந்தனர். சிற்பத் தொழில் செய்த புத்தரக்ஷிதனும் தன் பெயரால் தானம் செய்தான். ஈந்தவர் பெயரும், சிலர்க்கு ஊரும் தொழிலும் உண்டு. எத்தனை காசு என்பது மட்டும் இல்லை.

மூதாட்டி சற்று நேரம் கல்லையே பார்த்திருந்தார். பிறகு கணக்கரை நோக்கி, “என் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டாம், தம்பி. நான் தந்ததைப் புத்தகத்திலாவது என் பெயரில் எழுதினாயா?” என்றார். கணக்கர் தலை குனிந்தார். சிறு தொகைகளை எல்லாம் சேர்த்துச் ‘சில்லறை வரவு’ என்று எழுதுவதே எங்கள் வழக்கம். அவ்வழக்கத்தை அவருக்குக் கற்பித்தவன் யானே.

பெருந்தானத்தை இகழ்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அதே வேலியில் ஜேதவன தானமும் செதுக்கப்பட்டுள்ளது. மாட்டுவண்டியிலிருந்து காசுகள் இறங்குகின்றன; ஏவலர் அவற்றை நிலத்தில் பரப்புகின்றனர்; அனாதபிண்டிகர் நீர்க்கெண்டியுடன் நிற்கின்றார். காசு பரவாது எஞ்சிய சிறு இடத்தை ஜேத இளவரசன் தானே ஈந்தான் என்று விநயம் கூறும். பொற்காசு பரப்பிய பெருவனமும் தானம். எஞ்சிய சிறு நிலமும் தானம்.

ஈவதன் முன் மகிழ்ச்சி, ஈயும்போது தெளிவு, ஈந்தபின் நிறைவு, இம்மூன்றுமே ஈவோனிடம் இருக்க வேண்டியவை எனப் பகவான் அருளினார். ஈந்தபின் ஒருவர் மனம் வருந்துமாறு செய்வோமாயின், அவருடைய புண்ணியத்தின் மூன்றாம் பகுதியை நாமே கெடுத்தவராவோம். சாதியின் பேரால் மேல்கீழ் வைத்தவர்களை விட்டு விலகி வந்த நாம், காசின் பேரால் அதனை மீண்டும் விகாரைச் சுவரில் ஏற்றலாமோ?

ஊர் திரும்பியதும் கணக்கர் பழைய ரசீதுகளைப் பிரித்து, ஒவ்வொரு பெயராகப் புதுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் முன் தீர்மானத்தை நீக்கி, தொகை குறியாது எல்லார் பெயரையும் பொறிக்குமாறு யானே முன்மொழிவேன்.

ஞாயிறு வகுப்பில் சிந்திப்பதற்கு:

1. பிராமி எழுத்தை வாசிக்கத் துணை செய்த சொல் எது? எவ்வாறு?

2. பார்ஹுத் வேலியில் தானம் செய்தோர் எத்தகையோர்?

3. நம் சங்கத்தில் ‘சில்லறை வரவு’ என்று மறைந்துபோன பெயர்கள் யாருடையவை?

சகல உயிர்களும் சுகமாக வாழ்க!