புழுவும் வைரசும்

நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் ஃபார்மலின் சீசாவுக்குள் கிடக்கும் அஸ்காரிஸை நாம் யாவரும் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறோம். ஓம்புயிரின் உணவை உண்டு வாழும் ஒட்டுண்ணி என்று எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். உணவில் மட்டுமா அது பங்கு கேட்கிறது? வைரசுடன் போரிடும் ஆற்றலையும் குடற்புழு மாற்றிவிடுகிறது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன.

நம் நோய் எதிர்ப்பாற்றல் ஒரே படை அன்று. உதவி டி-செல்களில் இரு வகை உண்டென 1986-இல் மோஸ்மன், காஃப்மன் முதலியோர் சுண்டெலிகளில் கண்டனர். முதல் வகை காமா இண்டர்ஃபெரானைச் சுரந்து, வைரஸ் புகுந்த செல்களை அழிக்கத் துணைபுரியும். இரண்டாம் வகை இண்டர்லூக்கின்-4 முதலியவற்றைச் சுரக்கும். அதனால் குடலில் சளி பெருகும், ஈசினோஃபில்கள் திரளும், புழு வெளியேற வழி பிறக்கும். ஒன்று ஓங்கினால் மற்றது தாழும். புழுவோ வந்து போகும் விருந்தாளி அன்று. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவது!

இதன் விளைவை 2014-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் விளக்கினர். சுண்டெலியின் உடலில் உறங்கிக் கிடந்த ஹெர்பிஸ் இன வைரஸ், குடற்புழு நுழைந்ததும் விழித்துப் பெருகியது. அவ்வைரசின் மரபணு ஒன்றை இண்டர்ஃபெரான் அடக்குகிறது, இண்டர்லூக்கின்-4 தூண்டுகிறது. புழு வந்தால் பின்னதன் கை ஓங்குகிறது. கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரசைக் கொண்டு 2021-இல் வெளியான ஆய்வில், புழு தொற்றிய சுண்டெலிகளே அதிகம் மடிந்தன. குடலிலிருந்த பாக்டீரியாக்கள் குடற்சுவர் கடந்து உள்ளே பரவியிருந்தன.

இவ்வளவில் புழுவைப் பகைவன் என்று முடிவுகட்ட இயலாது. இவ்விரு ஆய்வுகளிலும் பயன்பட்ட அதே ஹெலிக்மோசோமாய்டிஸ் புழு, நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரசிலிருந்து சுண்டெலிகளைக் காத்தது என்று எடின்பரோ ஆய்வாளர்கள் 2017-இல் எழுதினர். குடல் நுண்ணுயிர்கள் இல்லாத சுண்டெலிகளுக்கோ அக்காப்பு கிடைக்கவில்லை. என்னை மிகவும் வியக்கவைத்தது இதுதான்.

சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்துவது முறையன்று. எனினும் உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேர் மண்வழிப் பரவும் குடற்புழுக்களைச் சுமக்கின்றனர். நம் நாட்டில் 2015-இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. நாமும் பள்ளியில் அதை மிட்டாய்போல் மென்றவர்களே. இரத்தசோகைக்காக என்றுதான் அன்று எண்ணியிருந்தோம். கொக்கிப்புழுவோ வயது பார்ப்பதில்லை; ஈரமண்ணில் வெறுங்காலுடன் வேலை செய்யும் நம் தாய் தந்தையரின் தோலையும் துளைத்து நுழைகிறது. அந்நாளின் கணக்கில் அவர்கள் இல்லை.