தலை அமிழ்ந்த தறையாணி

அமெரிக்காவில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டிப் பறப்போர் பலர் உள்ளனர். அலுமினியத் தகடுகளை இணைக்க அவர்கள் நம்புவது ரிவெட் எனப்படும் தறையாணியையே. ஆணியின் தலை வெளியே புடைத்து நின்றால் காற்றுத் தடை மிகும். எனவே தலையைத் தகட்டின் மட்டத்தோடு அமிழ்த்துவர். 1935-இல் ஹோவர்ட் ஹியூஸ் மணிக்கு 567 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து சாதனை நிகழ்த்திய எச்-1 விமானத்திலும் இவ்வகை ஆணிகளே இருந்தன.

தலையை அமிழ்த்தும் வழிகள் இரண்டு. துளையின் விளிம்பைக் கூம்பு வடிவில் குடைதல் ஒன்று. இரு அச்சுகளுக்கிடையே தகட்டை அழுத்திக் குழித்தல் மற்றொன்று. ஆணித் தலையின் கோணம் 100 பாகை. பள்ளமும் அதற்கு ஒத்திருத்தல் வேண்டும்.

எதனை எங்கே கையாள்வது? மெல்லிய தகட்டைக் குடைந்தால் கூம்பு மறுபுறம்வரை சென்று துளையை அகலமாக்கிவிடும். விளிம்பு கத்திமுனை போலாகும். விரிசல் அங்கிருந்தே தொடங்கும். ஆகவே 3/32 அங்குல ஆணிக்குத் தகடு 0.032 அங்குலமாவது தடித்திருந்தால்தான் குடைவர். அதனினும் மெல்லியதைக் குழிப்பர். குழிப்பதால் உலோகம் குறைவதில்லை. ஒரு குழி மற்றொரு குழியில் பொருந்துவதால் பிடிப்பும் மிகுகின்றது.

பின்னர் ஒருவர் வெளியிலிருந்து காற்றுச் சுத்தியால் அடிக்க, மற்றவர் உள்ளே எஃகுக் கட்டியைத் தாங்கிப் பிடிப்பார். நசுங்கிய முனை ஆணியின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும், அரை மடங்கு உயரமும் கொண்டிருத்தல் நன்று.

கட்டியவரே அதில் ஏறிப் பறக்கப்போகின்றார். வெளியே தெரியும் வழவழப்பு வேகத்தைத் தரலாம். உள்ளே மறைந்த விளிம்பின் உறுதியே உயிரைக் காக்கும்.